திவே கணவாய்க்கு அப்பால்

புணேயில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் திவே கணவாயைக் காணாதவர் மிகச் சிலரே. ஜேஜுரியில் நேர்த்திக்கடன் செலுத்தப் போகும் அண்டை வீட்டாருடன் நாமும் ஒருமுறை போயிருப்போம். அல்லது அஷ்டவிநாயகர் தலங்களுள் முதலாவதாக எண்ணப்படும் மோர்காவ் பிள்ளையாரை வழிபடச் சென்றிருப்போம். ஹடப்சரைக் கடந்து, வட்கியைத் தாண்டியதும், மஸ்தானி ஏரி கீழே தெரிய, வண்டி வளைந்து வளைந்து மேலேறும். ஆஷாட மாதத்தில் ஞானேஸ்வரர் பல்லக்குடன் வாரகரி அடியார்கள் இலட்சக்கணக்கில் நடந்து ஏறும் வழியும் இதுவே. மழை நாட்களில் அவ்விடத்தின் பசுமையைப் புகழாதார் இல்லை. ஆனால் கார்த்திகை பிறந்த பின் கணவாய்க்கு அப்பால் நாம் காண்பது என்ன? மஞ்சள் நிறப் புல்லும், கருங்கற்களும், இங்கொன்றும் அங்கொன்றுமாய் முள்மரங்களுமே. "பார்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்று கூறிக் கண்ணயர்ந்து விடுவோம். நாங்களும் இருபது ஆண்டுகளாக அப்படி உறங்கிக்கொண்டே போய், உறங்கிக்கொண்டே திரும்பியவர்கள்தாம்.

சென்ற டிசம்பரில் எங்களை விழித்திருக்கச் செய்தது ஒரு கடமை. நம் சங்கத்தின் வெள்ளி விழா நினைவாக ஐந்நூறு மரக்கன்றுகள் நடுவது என்று செயற்குழு தீர்மானித்திருந்ததை அன்பர்கள் அறிவர். கிர்க்கி, தேகு ரோடு, ராஸ்தா பேட்டை, பிம்ப்ரி ஆகிய பகுதிகளிலிருந்து நன்கொடையும் தாராளமாகவே வந்திருந்தது. மோர்காவிலிருந்து சுபே செல்லும் சாலைக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரார், தம் ஊர்ப் பொது நிலத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று இசைந்திருந்தனர். இத்தகைய பொது மேய்ச்சல் நிலத்தை மராத்தியர் 'காய்ரான்' என்பர். குழி எடுக்க வேண்டிய இடங்களை அளந்து குறியிட்டு வருவதே எங்கள் வேலை. வேலையோடு ஒரு நாள் உலாவும் ஆகட்டும் என்று ஆறு குடும்பங்கள் ஒரு வண்டி அமர்த்திக்கொண்டு, புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு, ஞாயிறன்று விடியற்காலையில் புறப்பட்டோம். கல்லூரியில் விலங்கியல் பயிலும் ஓர் இளைஞரும் எங்களுடன் வந்தார். அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்தது. கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது. அவர் எதற்காக வருகிறார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

பத்து மணியளவில் அந்த நிலத்தை அடைந்தோம். மெல்லச் சரிந்து இறங்கும் மேடு அது. முழங்கால் அளவுக்குக் காய்ந்த புல். எல்லையில் ஒரு வேலமரம். சங்கத்தின் பொருளாளர் நிலத்தைக் கண்டதும் மகிழ்ந்தார். வெயிலுக்கு ஒதுங்க நிழலில்லாத இந்த மேட்டில் பத்தாண்டுகளில் ஒரு தோப்பே எழும்பும் என்றார். நாங்களும் அதையே நினைத்தோம். கயிற்றைப் பிடித்து முதல் வரிசையை அளக்கத் தொடங்கினோம்.

இருபது குறிகள் இட்டிருப்போம். புல் சாய்ந்து, தரையோடு தரையாய் மிதிபட்டுக் கிடந்த சில வட்டங்கள் தென்பட்டன. அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளை எச்சம். நடுவே கட்டைவிரல் நுனியளவு சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. பொருளாளர் அவற்றை ஆட்டுப் புழுக்கை என்று கருதிக் காலால் தள்ளினார்.

"மாமா, மிதித்துவிடாதீர்கள்" என்று ஓடி வந்தார் மாணவர். ஓர் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்தது புழுக்கையன்று. வெட்டுக்கிளியின் பின்னங்கால்கள், அதன் தாடைகள், பளபளக்கும் சிறகோடுகள், இடையே நூல்போன்ற ஓர் எலும்பு, ஒரு சிறு குருவியின் இறகு. "இவை பருந்தின் கக்கல். தின்றதில் செரிக்காததை இப்படி உருண்டையாக்கிக் கக்கிவிடும். இந்த மேட்டில் பூனைப்பருந்துகள் இரவு அடைகின்றன. மாலைவரை இருந்தால் பார்க்கலாம்" என்றார்.

தரையில் அடையும் பருந்தா என்று நாங்கள் வியந்தோம். நம்மவர் அறிந்த பருந்து தென்னை உச்சியிலும் கோபுரத்திலும் அமர்வது. கோழிக் குஞ்சைத் தூக்கிச் செல்வது. செம்பருந்தாயின் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு உரியது. புல்லுக்குள் படுத்துறங்கும் பருந்தை எங்களுள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அளவுக் கயிறு சுருட்டப்பட்டது. மாலைவரை என்ன செய்வது என்ற கேள்வி எழ, அருகிலிருந்த மயூரேஸ்வர் வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போய் வருவதென்று முடிவு செய்தோம்.

அச்சரணாலயம் சுபே ஊரை ஒட்டியது. 1997-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். மாநிலத்தின் மிகச் சிறிய சரணாலயங்களுள் ஒன்று. சிங்காரா என்னும் சிறுமானுக்காகவே அது காக்கப்படுகிறது. மான்கள் எங்களைக் கண்டதும் ஓடவில்லை. சற்றுத் தள்ளி நின்று, காதுகளை ஆட்டிக்கொண்டு, எங்கள் புளியோதரைப் பொட்டலங்களை ஐயத்துடன் நோக்கின. இந்த வட்டாரம் சகியாத்திரியின் மழை மறைவில் இருப்பது. மேற்கே லோனாவலாவில் கொட்டித் தீர்க்கும் பருவமழை, மலை தாண்டி இங்கு வருவதற்குள் வற்றிவிடுகிறது. அதனால்தான் இங்கே அடர்ந்த காடு இல்லை. புல்லும் முள்மரமுமே இயற்கை. மராத்தியர் இதற்கு 'மாள்ரான்' என்று தனிப்பெயரே வைத்திருக்கின்றனர். நாம் அதனைக் 'காடழிந்த நிலம்' என்று எண்ணுகிறோம். 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 13-ஆம் நூற்றாண்டு முதலான மராத்தி நூல்களிலும் நாட்டுப் பாடல்களிலும் வரும் மரம் செடிகளின் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தது. மேற்கு மகாராட்டிரத்தின் இந்த வெளிகள் குறைந்தது 750 ஆண்டுகளாகப் புல்லும் முள்மரமும் கலந்த வெளிகளாகவே இருந்து வந்துள்ளன என்பது அதன் முடிவு.

இதைக் கேட்டபோது எங்களுக்கு நம் முல்லைத் திணை நினைவுக்கு வந்தது. ஆயர் ஆநிரை மேய்த்த நிலத்துக்கு ஒரு பூவின் பெயரையும் ஒரு தெய்வத்தையும் நல்கிய முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். அத்தகைய நிலத்தைக் கண்டு 'ஒன்றுமில்லை' என்று எப்போது சொல்லத் தொடங்கினோமோ!

நான்கு மணிக்கு மேட்டுக்குத் திரும்பினோம். அதற்குள் அங்கே ஒரு முதியவர் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். தலையில் பெரிய சிவப்பு முண்டாசு, தோளில் கம்பளி. தங்கர் வகுப்பைச் சேர்ந்த இடையர். எங்கள் பிள்ளைகள் அவரைக் "காகா, காகா" என்று அழைத்துக்கொண்டு ஓடினர். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியார், பிள்ளைகள் காக்கைக்குச் சோறு வைக்கிறார்கள் என்றே எண்ணிவிட்டார். மராத்தியில் அது சிற்றப்பனைக் குறிக்கும் சொல் என்று விளக்க வேண்டியதாயிற்று.

முதியவர் எங்கள் குறிக்கோல்களை ஏற்கெனவே பார்த்திருந்தார். வெறுப்பில்லாமல்தான் கேட்டார்: "அண்ணா, இங்கே மரம் வைத்து வேலி போட்டால் என் ஆடுகள் எங்கே போகும்?" தென்னாட்டார் யாரைக் கண்டாலும் இவர்கள் அண்ணா என்றே அழைப்பதை வாசகர்கள் அறிவர். ஊரார் இசைந்து விட்டனரே என்றார் பொருளாளர். "ஊரில் நிலமுள்ளவர்கள் இசைந்தார்கள். என்னைக் கேட்கவில்லை" என்றார் அவர். எங்களிடம் அதற்கு மறுமொழி இல்லை. பருந்துகளைப் பற்றிக் கேட்டோம். அவருக்கு அவை பழக்கமானவை. "போவத்யா. தீபாவளியை ஒட்டி வரும். ஹோலிக்குப் பிறகு இராது. ஆட்டைத் தொடாது. ஆடு நடந்தால் தத்துக்கிளி கிளம்பும், அதைப் பிடிக்கப் பின்னாலேயே வரும்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் முதற்பறவை வந்துவிட்டது.

அது வந்த விதத்தை எப்படிச் சொல்வது? வானில் வட்டமிடவில்லை. புல்லின் தலைக்கு இரண்டு ஆள் உயரத்துக்குள், மெல்ல, மிக மெல்ல மிதந்து வந்தது. சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தி, ஆழமில்லாத கிண்ணம்போல் வைத்துக்கொண்டு, இப்பக்கமும் அப்பக்கமும் சாய்ந்து, தரையைத் துழாவிக்கொண்டே வந்தது. ஆண் பறவை. உடல் சாம்பல் நிறம். சிறகு நுனி மை பூசினாற்போல் கறுப்பு. சிறகின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. 'மாண்டேகு பூனைப்பருந்து' என்று மாணவர் இரகசியம்போல் கூறினார். ஜார்ஜ் மாண்டேகு என்னும் ஆங்கிலேயர் 1802-இல் இதனைப் பிற பூனைப்பருந்துகளினின்று பிரித்தறிந்தமையால் ஏற்பட்ட பெயராம். பூனைப்பருந்து என்ற தமிழ்ப் பெயருக்குக் காரணம் எதுவாயினும், அது இரைதேடும் முறையைக் கண்டவர் அப்பெயர் பொருந்தாதென்று சொல்லார். சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். எடையோ கால் கிலோவுக்குச் சற்றே மிகுதி. அதனால்தான் அவ்வளவு மெல்லப் பறந்தும் விழாதிருக்கிறது. ஆந்தையின் முகம்போல் இதன் முகத்திலும் இறகுகள் தட்டுப்போல் அமைந்திருக்கின்றன. அவை ஒலியைச் செவிக்குக் கூட்டித் தருகின்றன. புல்லுக்குள் இருப்பதைக் கண்ணால் காணுமுன்பே காதால் அறிந்துகொள்ளும்.

திடீரெனச் சிறகை மடக்கிப் புல்லுக்குள் விழுந்தது. எழுந்தபோது காலில் எதையோ பற்றியிருந்தது. பைனாகுலரை வாங்கிப் பார்த்த சிறுமி ஒருத்தி, "வெட்டுக்கிளி! வெட்டுக்கிளியைப் பறந்துகொண்டே தின்கிறது!" என்று கூவினாள். வடக்கே கூடு கட்டும் காலத்தில் வயலெலிகளையே பெரிதும் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும் இப்பறவை, இங்கு வந்தபின் வெட்டுக்கிளியைத் தன் முதன்மையான உணவுகளுள் ஒன்றாகக் கொள்கிறது. வானம்பாடி, காடை, ஓணான், சுண்டெலி ஆகியவையும் அகப்பட்டால் விடுவதில்லை. மழை நன்கு பெய்து புல் தழைத்த ஆண்டில் வெட்டுக்கிளி மிகும், பருந்துகளும் மிகும். புல் பொய்த்தால் வேறிடம் தேடிப் போகும்.

பிறகு ஒன்று, இரண்டு, ஐந்து என வந்தன. பெட்டைகள் தவிட்டு நிறம். வாலடியில் ஒரு வெள்ளைப் பட்டை. வந்தவுடன் இறங்கவில்லை. சிறிது நேரம் மேட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. 'போவத்யா' என்ற மராத்திப் பெயரிலும் சுற்றுதல் என்ற பொருள் தொனிக்கிறது. இலத்தீன் பெயராகிய சர்க்கஸ் என்பதும் வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. கதிரவன் மறைந்ததும், ஒவ்வொன்றாய், காலையில் நாங்கள் கண்ட அந்த வட்டங்களுக்குள் இறங்கிப் புல்லில் மறைந்தன. எண்ணியபோது ஏழு. எங்கள் குறிக்கோல்களுள் ஒன்றின் அருகிலேயே ஒரு பறவை இறங்கியது. பொருளாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

இருட்டில் திரும்பி வரும்போது மாணவர் இப்பறவைகளின் பயணத்தைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள்கூட உறங்கவில்லை. இங்கு நாம் காண்பவை கசக்ஸ்தான் முதலான நடு ஆசிய நாடுகளின் புல்வெளிகளில் பிறந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். இந்தியாவில் சில பறவைகளின் முதுகில் சூரிய ஒளியால் இயங்கும் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வாயிலாகப் பின்தொடர்ந்ததில் அவை கோடையில் கசக்ஸ்தான் சேர்வது தெளிவாயிற்று. அந்நாட்டின் வடபகுதியிலிருந்து புணேக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே 3,500 கிலோமீட்டருக்குக் குறையாது. இமயத்தை நேரே கடக்காமல் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வளைந்து வருவதால் தொலைவு இன்னும் கூடும்.

அங்கும் அவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. புல்லிலோ கோதுமை வயலிலோ தரைமீதே மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்க வேண்டும். ஆண் பறவை இரையுடன் வந்தால் பெட்டை எழுந்து பறக்கும். ஆண் மேலிருந்து இரையை நழுவ விடும். பெட்டை தலைகீழாய்ப் புரண்டு அந்தரத்திலேயே அதைப் பற்றிக்கொள்ளும். பிறந்த ஐந்து வாரங்களில் குஞ்சு பறக்கத் தொடங்கும். மேலும் சில வாரங்களில், தாய் தந்தையர் உடன்வந்து வழி காட்டாமலேயே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். ஐரோப்பாவில் பிறப்பவை இதேபோல் ஆப்பிரிக்காவின் சாஹேல் வெளிக்குச் சென்று அங்குள்ள வெட்டுக்கிளிகளைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்தவர்கள் ஒன்று கண்டனர்: ஒருமுறை தங்கிய இடத்துக்கே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பறவை திரும்பி வருகிறது.

இந்த இடத்தில் வண்டியில் ஓர் அமைதி நிலவியது. வேலையின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பும்போது, தங்கிய வீடு இடிக்கப்பட்டுக் கடையாகிவிட்டதைக் கண்டு திகைத்து நின்றவர்கள் அந்த வண்டியில் மூவராவது இருந்தனர்.

குஜராத்தில் பாவ்நகருக்கு அண்மையில் உள்ள வேளாவதர் புல்வெளி, இப்பறவைகள் உலகிலேயே மிகப் பெருங்கூட்டமாக அடையும் இடங்களுள் ஒன்று. 1990-களில் அங்கு ஒரே மாலையில் ஆயிரக்கணக்கில் எண்ணியுள்ளனர். ஆந்திரத்தில் ரோள்ளபாடு மற்றோர் இடம். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் காய்ந்த வெளிகளுக்கும் இவை வருகின்றன. கயத்தாற்றுப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போனபோதுதான் இவற்றை முதன்முதலில் பார்த்ததாக மாணவர் கூறினார். அங்கும் ரோள்ளபாட்டிலும் முன்போல் இப்போது கூடுவதில்லை. புல்வெளி உழப்பட்டும், கட்டடமாகியும், பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டும் வெட்டுக்கிளி குறைந்து போவது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அவர் சற்றுத் தயங்கியே சொன்னார்: புல்வெளியில் மரம் நடுவது. வரிசையாகக் குழி வெட்டி மரம் வளர்த்தால் நிழலில் புல் மாறிவிடும். தரையில் அடையும் பறவை, நாற்புறமும் பார்வை மறைந்த இடத்தில் இறங்காது.

அரசின் கணக்கிலும் இவ்வெளிகளுக்கு நல்ல பெயர் இல்லை. 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்ட இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுதியில் புதர் நிலமும் மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதியும் தரிசு என்றே வகுக்கப்பட்டன. தரிசு என்று ஏட்டில் ஏறிய நிலத்தைக் கேட்பார் இல்லை. தொழிற்பேட்டை வேண்டுமா, சாலை வேண்டுமா, முதலில் அங்கேதான் கை நீளும். நாமும் அந்த ஏட்டைப் படிக்காமலேயே அதன்படி நடந்தோம்.

செயற்குழு ஜனவரியில் கூடியது. அன்று நடந்த விவாதத்தை மறைக்க வேண்டியதில்லை. ஏழு பருந்துகளுக்காக ஐந்நூறு மரங்களைக் கைவிடுவதா என்றார் ஒருவர். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்லும் குலத்தில் பிறந்துவிட்டு மரம் நடாதே என்று தீர்மானம் எழுதுவதா என்றார் இன்னொருவர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. நன்கொடை அளித்தவர்கள் மரத்துக்கென்றே அளித்தனர். அவர்களுக்கு என்ன விடை? மாணவரைப் பேச அழைத்தோம். அவர் நீண்ட உரை ஆற்றவில்லை. அந்த மேட்டிலிருந்து எடுத்து வந்த ஓர் உருண்டையை வெள்ளைத் தாளில் பிரித்து, அதிலிருந்த வெட்டுக்கிளிக் கால்களை வரிசையாக அடுக்கி வைத்தார். ஒரே உருண்டையில் பதினொரு வெட்டுக்கிளிகளின் கால்கள் இருந்தன. மரம் வேண்டாமென்று தாம் சொல்லவில்லை; அந்த மேட்டில் வேண்டாமென்றே சொல்வதாகக் கூறி அமர்ந்தார்.

எல்லாரும் எதிர்பார்த்தது பொருளாளரின் சொல்லை. இத்திட்டத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவரே. நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "தம்பி சொல்வது கிடக்கட்டும். அந்த ஆட்டுக்காரர் என்னைக் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை" என்றார். அதன்பின் விவாதம் அதிக நேரம் நீளவில்லை.

ஜூலை மழையில் அதே ஊரின் பள்ளிக்கூட வளாகத்திலும், ஊருக்குள் செல்லும் வழியின் இரு மருங்கிலும், கோவிலை ஒட்டிய இடத்திலும் வேம்பு, புளி, புங்கம் எனக் கன்றுகள் நட்டோம். இடம் கொண்டது நூற்று முப்பதே. மிஞ்சிய பணத்தைப் பற்றி நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் எழுதினோம். பலர் பள்ளிக்கே செலவிடச் சொன்னார்கள். சிலர் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சங்கம் தொடங்கிய நாள் முதல் நம்முடன் இருந்த ஓர் அன்பர் மனம் நொந்து இன்றுவரை கூட்டத்துக்கு வரவில்லை. அவருடைய வீட்டுக்கு இருமுறை போய் வந்தோம். பொங்கலுக்கு முன் மூன்றாம் முறையும் போவோம்.

பருந்துகள் மார்ச்சு மாதத்தில் ஒவ்வொன்றாய்க் குறைந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்றுமில்லாமல் போயின என்று மாணவர் தெரிவித்தார். எங்கள் குறிக்கோல்களை அந்த இடையர் பிடுங்கி, கட்டாகக் கட்டி, வேலமரத்தடியில் பத்திரமாக வைத்திருந்தார். அடுத்த முறை போனபோது கொண்டுவந்து கொடுத்தார்.

இவ்விதழ் அன்பர்கள் கைக்கு வரும் அக்டோபர் மாதம், அவை மீண்டும் வந்து சேரும் காலம். காண விரும்புவோர் ஸ்வார்கேட்டிலிருந்து சாஸ்வட், ஜேஜுரி வழியாகச் செல்லலாம். ஆயினும் மாலையில் தங்கிப் பார்ப்பதற்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் நலம். காலையில் சரணாலயத்தைச் சுற்றிவிட்டு, நான்கு மணிக்குமேல் புல்வெளியின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே காத்திருக்க வேண்டும். அடையும் இடத்துக்குள் நடந்து செல்வது கூடாது. ஒருமுறை கலைந்த கூட்டம் அன்றிரவு வேறிடம் தேடி அலையும். அடர்ந்த நிற உடை உடுத்துவது நன்று. டிசம்பர் மாலையில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம். நாங்கள் மறந்தோம், அந்த இடையரின் கம்பளிக்குள் எங்கள் பிள்ளைகள் நால்வர் ஒடுங்கிக்கொண்டுதான் அந்த ஏழாவது பறவை இறங்குவதைப் பார்த்தார்கள்.